புகை அலாரம் ஓயாமல் கத்துகிறது, பேட்டரியைக் கழற்றிவிட்டேன். எந்த வகை வாங்கலாம்?

வாசகரின் கடிதம் நீளமானது. சுருக்கம் இது. கீழ்த்தளமும் மாடியுமாக ஒரு வாடகை வீடு. மாடியில் அவரும் மனைவியும் ஓர் அறையில், 9 வயது மகனும் 5 வயது மகளும் இன்னோர் அறையில். கீழே 74 வயது அம்மா தனியாகப் படுக்கிறார். காதுக்கு மெஷின் வைத்திருக்கிறார், தூங்கும்போது கழற்றிவிடுவார், முட்டிவலியால் நடையும் மெதுவாகத்தான். வீட்டில் இருப்பது ஒரே ஒரு புகை அலாரம், ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில். இவர்கள் குடிவருவதற்கு முன்பே இருந்தது. அடுப்பில் ஏதாவது வறுத்தாலே கத்துகிறது என்று சில மாதங்களாக பேட்டரியைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டிருக்கிறார். "ஹீட் அலாரம் வாங்கு, அது வீணாகக் கத்தாது" என்கிறார் நண்பர். போனுக்குத் தகவல் அனுப்பும் ஸ்மார்ட் அலாரம் வேண்டும் என்கிறார் மனைவி. புகை அலாரத்துக்குள் கதிரியக்கப் பொருள் இருப்பதாக எங்கோ படித்ததில் இருந்து இவருக்கு வேறு பயம். "எனக்குத் தூக்கம் லேசானது, புகை வாசனை வந்தாலே எழுந்துவிடுவேன், ஒன்று போதாதா?" என்றும் கேட்கிறார். மாடிப்படிக்குக் கீழே மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியை இரவு முழுக்க சார்ஜில் போடுவதாகக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்த வரிதான்.

அன்புள்ள வாசகருக்கு,

எந்த வகை நல்லது என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய ஒரு வேலை இருக்கிறது. அந்த அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும். அதில் இருந்து 10 வருடம் ஆகியிருந்தால் அதன் காலம் முடிந்தது. சென்சாரில் தூசி படியும், உள்ளே இருக்கும் பாகங்கள் தளரும், அதனால்தான் எந்தக் கம்பெனி தயாரித்தாலும் இந்த 10 வருடக் கணக்கு. தேதியே இல்லை என்றால் அதைவிடப் பழசு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் புதியது வரும்வரை அதைத் தூக்கிப் போட வேண்டாம். புது பேட்டரி போட்டு, பட்டனை அழுத்தி, சத்தம் வந்தால் மாடிப்படி ஏறி முடியும் இடத்தில், கூரையில் மாட்டிவிடுங்கள். கீழே எங்கே புகை கிளம்பினாலும் படி வழியாக மேலே ஏறும், உங்கள் இரண்டு படுக்கையறைகளும் அங்கேதான் இருக்கின்றன. பழைய அலாரத்தை முழுதாக நம்ப முடியாது என்பது சரிதான், ஆனால் பேட்டரி இல்லாத அலாரத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பேட்டரியைக் கழற்றியதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் காரணமில்லாமல் கத்தும் ஒரு பொருளை யாரும் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்ள முடியும்? அமெரிக்காவில் தீ விபத்துக் கணக்குகளைத் தொகுக்கும் என்எஃப்பிஏ அமைப்பு பல வருடங்களாகச் சொல்லிவருவது இதைத்தான்: அலாரம் இருந்தும் அது சத்தமே போடாத வீடுகளில் முதல் காரணம், பேட்டரி இல்லாததும் இணைப்பைத் துண்டித்து வைத்திருந்ததும். வேலை செய்யும் அலாரம் உள்ள வீடுகளில் தீ விபத்துகளில் உயிரிழப்பு விகிதம் மற்ற வீடுகளைவிட ஏறக்குறைய 60 சதவீதம் குறைவு என்பதும் அவர்கள் கணக்கு. ஆகவே நீங்கள் வாங்கப்போகும் அலாரம், நீங்கள் பேட்டரியைக் கழற்றத் தேவையே வராத அலாரமாக இருக்க வேண்டும். வகையையும் இடத்தையும் நான் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

"வாசனை வந்தாலே எழுந்துவிடுவேன்"

இதை நிறையப் பேர் நம்புகிறார்கள், நீங்களும் மனதாரத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இது நடக்காது. தூங்கும் மனிதரை வாசனை எழுப்புவதில்லை. ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவர்களிடம் கடுமையான நெடியைக் காட்டிச் செய்த சோதனைகளில் பெரும்பாலும் அவர்கள் அசையக்கூட இல்லை, சத்தம் கேட்டபோது எழுந்தார்கள். போதாததற்கு, புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு உங்களை இன்னும் ஆழ்ந்த மயக்கத்துக்குத்தான் கொண்டுபோகும். உங்கள் தூக்கம் எவ்வளவு லேசாக இருந்தாலும் அது காதுக்குத்தான் பொருந்தும், மூக்குக்கு இல்லை.

நேரமும் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. 1970களில் நடந்த சோதனைகளில், அலாரம் அடித்ததில் இருந்து வீட்டைவிட்டு வெளியேற சுமார் 17 நிமிடம் கிடைத்தது. அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வுக்கூடம் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், வேகமாகப் பரவும் தீயில் அது சுமார் 3 நிமிடமாகச் சுருங்கியிருந்தது. சோபாவிலும் மெத்தையிலும் இருக்கும் பாலியூரித்தேன் என்ற செயற்கை ஃபோம், பருத்திப் பஞ்சைவிட வேகமாகவும் கடுமையாகவும் எரிவது இதற்கு ஒரு பெரிய காரணம். அந்த 3 நிமிடத்தில் நீங்கள் எழுந்து, என்னவென்று புரிந்து, இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கீழே போய் அம்மாவையும் வெளியே கொண்டுவர வேண்டும். இதனால்தான் ஒன்று போதாது என்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

கடையில் நீங்கள் பார்க்கும் புகை அலாரங்கள் அடிப்படையில் இரண்டு வகை.

ஒன்று அயனைசேஷன் வகை. உள்ளே அமெரிசியம்-241 என்ற கதிரியக்கத் தனிமம் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக, ஒரு சின்ன உலோகத் தகட்டில் பதித்திருக்கும். அது இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருக்கும் காற்றை அயனியாக்குகிறது, அதாவது மின்னூட்டம் உள்ள துகள்களாக்குகிறது, அதனால் மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. புகைத் துகள்கள் உள்ளே வந்து அயனிகளோடு ஒட்டிக்கொண்டால் மின்னோட்டம் குறையும், அலாரம் அடிக்கும். உங்கள் பயத்துக்கு வருகிறேன். அதில் இருந்து வருவது பெரும்பாலும் ஆல்ஃபா கதிர்கள், காற்றில் சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது, ஒரு காகிதமே தடுத்துவிடும். கூரையில் மாட்டியிருக்கும்வரை உங்கள் குழந்தைகளுக்கு அதனால் ஆபத்து இல்லை. உடைத்துத் திறக்கக் கூடாது, எரிக்கக் கூடாது, பழசானதை எப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்று உங்கள் ஊர் விதியைப் பார்த்துக் கொடுங்கள், அவ்வளவுதான். இந்த வகையில் எனக்கு இருக்கும் குறை கதிரியக்கம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களுக்கு அது சட்டென்று எகிறும். கொழுந்துவிட்டு எரியும் தீயில் அந்தத் துகள்கள் நிறைய வரும், அதுவரை நல்லது. ஆனால் சூடான எண்ணெய்ச் சட்டியில் இருந்தும் அதே அளவுத் துகள்கள்தான் கிளம்பும். கண்ணுக்குப் புகையே தெரியாதபோதும் உங்கள் அலாரம் கத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்துப் பார்த்தால் அது இந்த வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பின்பக்கம் அமெரிசியம் என்றோ கதிரியக்கக் குறியோ இருந்தால் உறுதி.

இன்னொன்று ஒளியை வைத்து வேலை செய்வது, அட்டைப்பெட்டியில் போட்டோஎலக்ட்ரிக் என்றோ ஆப்டிகல் என்றோ போட்டிருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே கறுப்பு பிளாஸ்டிக்கில் வளைந்து வளைந்து போகும் தடுப்புகள், அவற்றைச் சுற்றி மெல்லிய வலை. வெளிச்சம் உள்ளே வரக் கூடாது, காற்று மட்டும் வர வேண்டும் என்பதற்காக அப்படி. நடுவில் ஒரு குட்டி எல்ஈடி ஒரு பக்கம் பார்த்தபடி, சென்சார் வேறு கோணத்தில், அதாவது எல்ஈடியின் ஒளி நேராகச் சென்சாரில் விழாதபடி. புகை நுழைந்ததும் ஒளி சிதறிச் சென்சாரில் படும். இருட்டறையில் ஜன்னல் இடுக்கு வழியாக வரும் வெயிலில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். மெத்தையோ சோபாவோ தீப்பற்றாமல் மணிக்கணக்கில் கனிந்து புகைவதும், ஒயர் இன்சுலேஷன் கருகுவதும் பெரிய துகள்களைக் கொடுக்கும், இந்த வகை அதைத்தான் நன்றாகப் பிடிக்கும். தூங்கும் நேரத்துத் தீயில் நான் அதிகம் பயப்படுவது இந்தக் கனியும் தீக்குத்தான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தால், கொழுந்துவிட்டு எரியும் தீயில் அயனைசேஷன் கொஞ்சம் முந்தும், ஒரு நிமிடத்துக்குள் இருக்கும் வித்தியாசம். கனியும் தீயில் போட்டோஎலக்ட்ரிக் பல நிமிடங்கள் முந்தும், சில சோதனைகளில் அரை மணி நேரம்கூட. இந்தக் கணக்கையும் சமையல் தொந்தரவையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது போட்டோஎலக்ட்ரிக். இரண்டு சென்சாரும் சேர்ந்த அலாரமும் கிடைக்கிறது, படுக்கையறைக்கு நல்லதுதான், ஆனால் சமையலறைக்குப் பக்கத்தில் மாட்டினால் அதற்குள் இருக்கும் அயனைசேஷன் பாதி பழையபடி கத்த ஆரம்பிக்கும். புகையோடு வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் புது மாடல்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. எதை வாங்கினாலும் யூஎல் 217, ஈஎன் 14604, ஏஎஸ் 3786 போல ஏதாவது ஒரு தரச்சான்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சான்றே இல்லாத, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் டப்பாக்களை நம்பிப் படுக்காதீர்கள்.

நண்பர் சொன்ன ஹீட் அலாரம்

அவர் பாதி சரி. ஹீட் அலாரம் புகையைக் கவனிப்பதே இல்லை. கூரையருகே வெப்பம் சுமார் 57 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அடிக்கும், சில மாடல்கள் வெப்பம் நிமிடத்துக்கு 8 டிகிரி வாக்கில் ஏறினாலும் அடிக்கும். அதனால் சமையலறைக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் அருமையான பொருள். படுக்கையறையிலோ ஹாலிலோ புகை அலாரத்துக்குப் பதிலாக மாட்டினால் ஆபத்து. மெத்தை கனிந்துகொண்டிருக்கும் அறையில் கூரை அவ்வளவு சூடாவதற்குள் உள்ளே தூங்குபவர் பிழைக்க மாட்டார். சமையலறைக்கு ஹீட் அலாரம், மற்ற எல்லா இடத்துக்கும் புகை அலாரம்.

கார்பன் மோனாக்சைடைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குளியலறைக்கு வெளியே கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர் இருப்பதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். புகை அலாரம் அந்த வாயுவைப் பிடிக்காது. அதற்குத் தனி அலாரம் வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்த ஒன்று. நிறமும் வாசனையும் இல்லாத வாயு, தலைவலி, வாந்தி, அசதி என்று ஆரம்பித்து அப்படியே சாய்த்துவிடும். படுக்கையறைகளுக்கு வெளியே ஒவ்வொரு தளத்திலும் ஒன்று போடுங்கள். சிலிண்டர் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி இது இரண்டும் இல்லாத மூன்றாவது பொருள். சிலிண்டர் கேஸ் காற்றைவிட கனம் என்பதால் அந்தக் கருவியைத் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். மூன்றும் ஒன்றே என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

எத்தனை, எங்கே

ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும், படுக்கையறைகளுக்கு வெளியேயும், ஒவ்வொரு தளத்திலும். உங்கள் வீட்டில் அது மாடியில் மூன்று, அம்மா அறையில் ஒன்று, ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒரு ஹீட் அலாரம். ஒரேயடியாக வாங்க முடியாவிட்டால் முதலில் மாடிப்படி உச்சி, அம்மா அறை, ஹால். குழந்தைகள் அறை அடுத்த மாதம் என்றாலும் அதைத் தள்ளிக்கொண்டே போக வேண்டாம்.

இவை எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த வகையாக இருக்கட்டும், ஹாலில் ஒன்று புகையைப் பிடித்தால் மாடியிலும் சேர்ந்து அடிக்க வேண்டும். கதவைச் சாத்திப் படுக்கும் வீட்டில் கீழ்த்தளத்து அலாரம் மேலே கேட்கும் என்று சொல்லவே முடியாது. ஒயர் இழுக்க வேண்டியதில்லை, வயர்லெஸ்ஸாகவே இணைவது கிடைக்கிறது, ஒரே கம்பெனியின் பொருந்தும் மாடல்களாக வாங்குவது முக்கியம். உங்கள் மனைவி கேட்ட ஸ்மார்ட் அலாரம் இதற்கு மேல் ஒரு வசதி, வீட்டில் யாரும் இல்லாதபோது தகவல் வரும், நல்லதுதான். போனை சைலண்டில் போட்டுத் தூங்கும் இரவில் அது உதவாது, அதனால் நெட் இல்லாவிட்டாலும் அலாரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளுமா என்று கேட்டு வாங்குங்கள்.

மாட்டும் இடம் கூரையின் நடுப்பகுதி. சுவரில்தான் முடியும் என்றால் கூரையில் இருந்து 10 முதல் 30 சென்டிமீட்டருக்குள். சுவரும் கூரையும் சேரும் மூலையில் வேண்டாம், அங்கே காற்று தேங்கும், புகை போய்ச் சேரத் தாமதமாகும். அடுப்பில் இருந்து 3 மீட்டர் தள்ளி, குளியலறைக் கதவில் இருந்தும் மின்விசிறி இறக்கை நுனியில் இருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி. ஹாலுக்கு வாங்கும் புது அலாரத்தைப் பழையது இருந்த இடத்தில் மாட்டாமல் எதிர்ச்சுவர்ப் பக்கம் மாட்டினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. மாதம் ஒருமுறை பட்டனை அழுத்துங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாக்யூம் கிளீனரின் மெல்லிய பிரஷ் முனையால் சுற்றிலும் உறிஞ்சுங்கள், சிலந்தி உள்ளே குடியேறினாலும் அலாரம் கத்தும். வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்கள் அலாரத்தின் மேலேயே பெயின்ட் அடித்துவிடுவார்கள், அப்படி ஆனால் அது வீண். நடுராத்திரியில் நிமிடத்துக்கு ஒரு "கீச்" கேட்டால் தீயில்லை, பேட்டரி தீர்கிறது. குளிரில் பேட்டரியின் மின்னழுத்தம் இறங்குவதால்தான் அது பெரும்பாலும் விடியற்காலையில் ஆரம்பிக்கிறது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் 10 வருட லித்தியம் பேட்டரி உள்ளேயே மூடி வருவதை வாங்குங்கள். உங்கள் வரலாற்றைப் பார்த்தால் அதுதான் உங்களுக்குச் சரி, கழற்றவே முடியாது. சமையல் புகைக்குக் கத்தினால் நிறுத்தும் பட்டனை அழுத்தினால் சில நிமிடம் அடங்கியிருக்கும், பிறகு தானாகவே விழித்துக்கொள்ளும்.

வாடகை வீடு என்பதால்

பல நாடுகளில் புகை அலாரம் மாட்டித்தர வேண்டியது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை, சில இடங்களில் குடியிருப்பவர் செய்ய வேண்டியது பட்டனை அழுத்திச் சோதிப்பது மட்டும். உங்கள் ஊர்ச் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் பாருங்கள், உள்ளூர் தீயணைப்பு நிலையத்தில் கேட்டாலும் சொல்வார்கள். உரிமையாளருக்கு எழுத்தில் கேளுங்கள், போனில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. அலாரம் பழசாகிவிட்டது என்று பின்பக்கத் தேதியைப் படம் எடுத்து அனுப்புங்கள். கொஞ்சம் ஜாக்கிரதையாக ஒன்று: அவர் மாட்டிக்கொடுத்த அலாரத்தின் பேட்டரியை நீங்களே கழற்றி வைத்திருந்தது பல இடங்களில் உங்கள் மேல் தவறாகும், காப்பீடு இருந்தால் அதிலும் சிக்கல் வரலாம். பேட்டரியைப் போட்டுவிட்டுக் கடிதம் எழுதுங்கள். அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இரண்டு ஸ்க்ரூவில் மாட்டும் பொருள், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

அந்த ஸ்கூட்டர் பேட்டரி

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். லித்தியம் பேட்டரி பழுதாகி எரிய ஆரம்பித்தால் சாதாரணத் தீயைப்போல மெல்ல வளராது. சீறலோடு நச்சுப்புகை கக்கி, சில நொடிகளில் ஜெட் போலத் தீ பீய்ச்சும். எவ்வளவு நல்ல அலாரம் இருந்தாலும் மிச்சம் இருப்பது கொஞ்ச நேரம்தான். நீங்கள் அதை வைத்திருப்பது மாடிப்படிக்குக் கீழே, மாடியில் இருக்கும் நான்கு பேருக்கும் வெளியேற இருக்கும் ஒரே வழியில். அங்கே ஒரு அலாரத்தை மாட்டிவிட்டால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம், போதாது. பேட்டரியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வெளியே, வெயிலும் மழையும் படாத இடத்தில், ஸ்கூட்டரோடு வந்த சார்ஜரில், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். வெளியே வழியே இல்லை என்றால் கதவைச் சாத்தி வைக்கக்கூடிய, வாசலுக்குப் போகும் பாதையில் இல்லாத ஓர் அறை. உப்பியது, கீழே விழுந்து அடிபட்டது, தொட்டால் அசாதாரணமாகச் சுடுவது, இவற்றை இனிமேல் சார்ஜே போடக் கூடாது.

அம்மாவும் குழந்தைகளும்

வழக்கமான அலாரத்தின் சத்தம் 3 மீட்டரில் 85 டெசிபல், கீச்சென்று சுமார் 3,000 ஹெர்ட்ஸில் வரும். வயதாகும்போது காது முதலில் இழப்பது இந்த உச்ச ஸ்தாயியைத்தான். மெஷினைக் கழற்றிவிட்டுப் படுக்கும் உங்கள் அம்மாவுக்கு அது கேட்காமலே போகலாம். 520 ஹெர்ட்ஸில் தாழ்ந்த குரலில் அடிக்கும் அலாரங்கள் இருக்கின்றன, காது மந்தமானவர்களையும் குழந்தைகளையும் எழுப்புவதில் கீச்சுச் சத்தத்தைவிட அவை நன்றாக வேலை செய்வதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அம்மா அறைக்கு அந்த வகை, அதோடு தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுத் தட்டும் பளிச்சென்று மின்னும் விளக்கும் சேர்ந்த செட் கிடைத்தால் அதை வாங்குங்கள். உங்கள் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

குழந்தைகள் விஷயத்தில், அலாரம் அடித்தால் எழுந்துவிடுவார்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். 9 வயது, 5 வயதுப் பிள்ளைகள் அந்தச் சத்தத்திலும் புரண்டு படுத்துத் தூங்குவது சாதாரணம். எல்லாம் மாட்டி முடித்ததும் ஒரு ராத்திரி, அவர்கள் தூங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, பட்டனை அழுத்திப் பாருங்கள், யார் எழுகிறார், யார் எழவில்லை என்று தெரிந்துவிடும். முந்தின நாளே சொல்லிவைத்துவிடுங்கள், பயந்துவிடக் கூடாது. எழாத பிள்ளையை யார் தூக்குவது, அம்மாவை யார் கூட்டிவருவது என்று நீங்களும் உங்கள் மனைவியும் இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். மாடிப்படியில் புகை நிறைந்திருந்தால் இறங்க முயலாமல் குழந்தைகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, இடுக்கில் துணியை அடைத்து, ஜன்னல் பக்கம் நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள், போனைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்வது அதற்காகத்தான். அப்படி ஒரு நிலையில் கீழே தனியாக இருக்கும் அம்மா உங்களுக்காகக் காத்திருக்காமல் வெளியே போக முடிய வேண்டும். அவர் அறையில் இருந்து வாசல்வரை தட்டுமுட்டுச் சாமான் எதுவும் இல்லாமல் வையுங்கள், வாசற்கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி பூட்டை மாற்றுங்கள், நடைக்குச்சி கட்டிலில் இருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.